எழுபதாவது நிமிடத்துக்கு ஓர் அஞ்சலித் தாள்

கமென்பிரோத்
15 ஜூன் 2009

ரதா,

முந்தாநாள் பதினாறாவது வருடத் தாளையும் ஒட்டி முடித்தாயிற்று. ஸ்டேடியம் கேட்டில் ஒன்று, பஸ் நிலையத்தில் ஒன்று, பூட்டிக் கிடக்கும் மில் வாசலில் ஒன்று, பாதிரியார் சாவா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் கோயில் சுவரில் ஒன்று. அதே கறுப்புக் கரை, வாயில் விசிலோடு அதே போட்டோ. இந்த வருட வாசகம் இது: "1993 ஜூன் 13 அன்று, ஆட்டத்தின் எழுபதாவது நிமிடத்தில் நம்மை விட்டுப் பிரிந்த பயிற்சியாளர் த்ரேந்தாபில் குஷெவுக்குப் பதினாறாம் ஆண்டு நினைவஞ்சலி. உடல் மட்டும் லோம் நகரில் கோழி வளர்த்துக்கொண்டிருக்கிறது. இவண், துயரத்தில் வாடும் தெக்ஸ்தில் அணி ரசிகர்கள்." அச்சக மிட்கோ சிரித்த சிரிப்பில் பத்துத் தாள் கோணலாகிப் போனது.

உனக்குக் கோபம் வரும். வரட்டும், அதற்குத்தான் எழுதுகிறேன். குஷெவ் பேச்சைப் போனில் எடுப்பதில்லை, காகிதத்தில் மட்டும்தான் என்று நாம் பேசி வைத்திருக்கிறோம் இல்லையா? போன ஈஸ்டருக்கு நீ போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் வலிக்கிறது.

அந்த ஆள் செய்ததை மறுபடி சொல்கிறேன், வயிறு எரிய எரியச் சொல்கிறேன். ஒரு கோல் முன்னால் இருந்தோம். டிரா ஆனாலே முதல் டிவிஷனில் தங்கியிருப்போம். இருபதே நிமிடம் பாக்கி. அந்த ஒரு கோலைப் போட்ட வெல்கோவை வெளியே கூப்பிட்டு, ஒரு மரக்கட்டையை உள்ளே அனுப்பினார். எண்பத்தொன்றாவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கினோம், எண்பத்தெட்டில் இன்னொன்று. அன்றைக்குக் கீழே விழுந்த அணி இன்னும் எழுந்திருக்கவில்லை. அடுத்த மார்ச்சில் மில்லும் பூட்டு. நான் நாற்பத்தைந்து வயதில் வேலையில்லாதவன் ஆனேன், நீ ஸ்பெயின் பஸ் ஏறினாய். எல்லாம் அந்த ஒரு கையசைப்பில் ஆரம்பித்தது.

மிளகாய்த் துவையல் ஆறு பாட்டில் பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். பாட்டிலைத் திருப்பி அனுப்பு.

எவ்லோகி


வலென்சியா
27 ஜூன் 2009

அண்ணா,

துவையல் வந்தது. உப்புக் கூடிப் போயிருக்கிறது, உன் வாய் மாதிரி.

"துயரத்தில் வாடும் ரசிகர்கள்" என்று போட்டாயே, அதில் நானும் ஒருத்தி. என்னைக் கேட்டாயா? பதினாறு வருடமாக என் பெயரையும் சேர்த்துக்கொண்டு உயிரோடு இருக்கும் மனிதருக்குக் கருமாதி செய்கிறாய். வெட்கமாக இல்லை?

மில்லைக் குஷெவ் பூட்டவில்லை. பருத்தி வரத்து நின்றது, வாங்க ஆள் இல்லை, தலைநகரத்தில் ஒருவன் கையெழுத்துப் போட்டான், மில் போயிற்று. அந்தக் கையெழுத்துக்காரன் முகம் உனக்குத் தெரியாது. குஷெவ் முகம் தெரியும். அதனால் எல்லாப் பழியும் அவர் தலையில். ஊருக்கு இளைத்தவன் கதைதான்.

அவர் யார் என்று என்னைக் கேள். வந்த முதல் வாரமே தறிக்கூடத்துக்குள் நேராக நுழைந்தார். ஒரே நேரத்தில் இருபது தறியைப் பார்த்துக்கொண்டு, எங்கே நூல் அறுகிறது என்று சட்டென்று கண்டுபிடிக்கிற பெண்கள் நாங்கள். "இந்தக் கண்ணு என் பசங்க யாருக்கும் இல்லம்மா, எனக்கு நாலு பேர் வேணும்" என்றார். அப்படித்தான் நாங்கள் நான்கு நெசவுக்காரிகள் ஒவ்வோர் ஆட்டத்திலும் கோட்டோரம் பெஞ்சில் உட்கார்ந்து, யார் எத்தனை தடவை பந்தைப் பறிகொடுத்தார்கள் என்று சிலேட்டில் கோடு போட்டோம். ஊரே சிரித்தது. நீயும்தான் சிரித்தாய். இரண்டே வருடத்தில் முதல் டிவிஷனுக்கு ஏறினோம். தலைநகர அணியை மழையில் மூன்று கோல் போட்டு அனுப்பினோம். அந்த இரவு டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதவன் யார், நானா?

எழுபதாவது நிமிடத்தைப் பற்றி நீ பேசவே கூடாது. டிரம்காரன் நீ. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து அடித்தவன். உன் முதுகு பார்த்ததா வெல்கோவின் காலை?

அடுத்த வருடம் ஒட்டினால், பஸ் ஏறி வந்து என் கையாலேயே கிழிப்பேன்.

ரதோஸ்வெதா


கமென்பிரோத்
10 ஜூலை 2009

ரதா,

முதுகைக் காட்டி நின்றேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு முன்னால் நாலாயிரம் முகம் இருந்தது. வெல்கோ வெளியே போனதை நான் அந்த முகங்களில்தான் பார்த்தேன். பாட்டு பாதியில் நின்றது. நான் அடித்துக்கொண்டே இருக்கிறேன், பாட ஆளில்லை. நீ சிலேட்டைப் பார்த்தாய், நான் ஊரைப் பார்த்தேன். எது பெரிது?

மில்லைப் பற்றி நீ சொன்னது சரியாகவே இருக்கலாம். எனக்கு அது வேண்டாம். கையெழுத்துக்காரனைத் திட்ட வேண்டுமானால் நான் எந்தச் சுவரில் ஒட்டுவது?

ஒட்டுவேன். கையில் பசை வாளி தூக்க வலுவிருக்கும்வரை ஒட்டுவேன். நீ வந்து கிழி, பின்னாலேயே வந்து மறுபடி ஒட்டுகிறேன். அவர் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தால் நிறுத்துகிறேன், போ.

பாட்டில்கள் வரவில்லை.

எவ்லோகி


கமென்பிரோத்
3 நவம்பர் 2009

ரதா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்துப் போட்டுவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். குஷெவ் இறந்துவிட்டார். அக்டோபர் இருபத்துநாலு, சனிக்கிழமை. மனைவியின் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். இங்கேதான் கொண்டுவந்தார்கள், நம் ஊருக்கு.

தாள் ஒட்டியிருந்தது. ஞாயிறு காலையில் ரொட்டி வாங்கப் போனபோது பார்த்தேன், ஸ்டேடியம் கேட்டில், பஸ் நிலையத்தில், எல்லா இடத்திலும். கறுப்புக் கரை, விசில் இல்லாத ஒரு போட்டோ. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அடக்கம் என்று போட்டிருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பையன்கள் யாரோ என்னை முந்திக்கொண்டார்கள் என்று நினைத்தேன். மாதம்கூடத் தெரியாத முட்டாள்கள் என்று சிரித்தேன். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவரிடம் மார்க்கர் பேனா கடன் வாங்கி, "மறைந்தார்" என்ற சொல்லை அடித்துவிட்டு, "எழுபதாவது நிமிடத்தில் வெளியே எடுக்கப்பட்டார்" என்று எழுதினேன்.

பக்கத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கறுப்புக் கோட்டு, கையில் பசை வாளி. என்னையே பார்த்தாள். நான் சொன்னேன்: "சிரிம்மா, சும்மா சிரி. வருஷா வருஷம் உள்ளதுதான்." அவள் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போனாள்.

அவருடைய மகள், ரதா. நெவேனா. ஐந்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பயிற்சி பார்க்க வருவாளே, அந்தக் குழந்தை.

அடக்கத்துக்கு யாரும் போகவில்லை. படித்தவர்கள் எல்லோரும் என்னைப் போலத்தான் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெட்டியைத் தூக்க ஆளில்லாமல் குழி வெட்டுகிறவர்கள் மூன்று பேரும், நாலாவதாகப் பாதிரியார் சாவாவும் தோள் கொடுத்தார்களாம். செவ்வாய்க்கிழமை ரொட்டிக் கடையில் வைத்துப் பாதிரியார் என் சட்டையைப் பிடித்தார். "பதினாறு வருஷமா நீ அவனை சாகடிச்சே, எவ்லோகி. நிஜமா செத்தப்போ நம்ப ஒரு நாய் இல்லே. போ, சந்தோஷமா இரு" என்றார். கடையில் இருந்தவர்கள் முன்னால். நான் ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திட்டு. நீ திட்டாமல் விட்டால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எவ்லோகி


வலென்சியா
10 நவம்பர் 2009

அண்ணா,

திட்டுகிறேன், கேட்டுக்கொள். நீ ஒரு கழுதை. இருபது வயதிலும் கழுதை, அறுபது வயதிலும் கழுதை. அந்தப் பெண் கையில் பசை வாளியைப் பார்த்த பிறகும் உனக்கு உறைக்கவில்லையே! ஆரஞ்சு அடுக்குகிற இடத்தில் நின்றே உன் கடிதத்தைப் படித்தேன். மேஸ்திரி வந்து, ஊரில் யார் இறந்தார்கள் என்று கேட்டார். எங்கள் கோச் என்றேன்.

போதும். இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பதினாறு வருடம் நீ ஒட்டினாய், பதினாறு வருடம் நான் இதை விழுங்கினேன்.

வெல்கோவை எடுக்கச் சொன்னது நான்.

அறுபத்தெட்டாவது நிமிடம். என் சிலேட்டில் வெல்கோவின் பெயருக்கு நேரே, கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் ஒன்பது கோடு. ஒன்பது தடவை பந்தைப் பறிகொடுத்திருந்தான், அண்ணா. இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். நான் எழுந்து போய்ச் சிலேட்டைக் கோச்சிடம் காட்டினேன். "நூல் அறுந்துடுச்சு கோச், மாத்திடுங்க" என்றேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "ஊரு என்னைக் கொன்னுடும்மா" என்றார். அப்புறம் கையசைத்தார்.

மறுநாள் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, "முடிவு என்னுது" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். என் பெயர் வெளியே வரவில்லை. நான் நன்றி சொல்லக்கூடப் போகவில்லை. பயம். மில் வாசலில் பெண்கள் அவரைச் சபித்தபோது நானும் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மாற்றியதை அல்ல. எண்ணிக்கை சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் காட்டுவேன்.

அவர் இறந்த நாற்பதாம் நாள் வருகிறது. அதற்கு முந்தைய சனிக்கிழமை, 28ஆம் தேதி, கல்லறையில் வேகவைத்த கோதுமை வைத்து, வந்தவர்களுக்குப் பங்கிடுவார்கள். ஊர் அங்கே வர வேண்டும். உன்னால் வராமல் போன ஊர் அது, நீதான் கூட்டி வர வேண்டும். தாள் அடி. அதில் என் பெயரைப் போடு: "அன்று வெல்கோவை வெளியே எடுக்கச் சொன்னது நான், ரதோஸ்வெதா."

ரதோஸ்வெதா


கமென்பிரோத்
17 நவம்பர் 2009

ரதா,

உன் கடிதத்தைப் படித்தேன். விஷயம் என் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது! பதினாறு வருடம் நான் திட்டிய ஒவ்வொரு திட்டும் உன் தலையில் விழுந்திருக்கிறது, நீ துவையலில் உப்பு கூடிப்போயிற்று என்று எழுதிக்கொண்டிருந்தாய். எனக்குக் கோபமா, அழுகையா, தெரியவில்லை. இரண்டும்தான்.

ஆனாலும் சொல்கிறேன், எண்ணிக்கை சரியாக இருக்கலாம், முடிவு தப்பு. ஒற்றைக் காலோடு வெல்கோ நின்றிருந்தாலும் எதிராளி இரண்டு பேர் அவனைக் காவல் காத்துக்கொண்டு பின்னால் நின்றிருப்பார்கள். நீங்கள் அவனை எடுத்ததும் அந்த இரண்டு பேரும் முன்னால் வந்தார்கள். சிலேட்டில் இதற்குக் கோடு இருந்ததா?

உன் பெயரைப் போட மாட்டேன். இந்த ஊர் எப்படிப்பட்டது என்று உனக்கு மறந்துவிட்டது. நம் அம்மா கல்லறையில்கூடக் குப்பை போடுவார்கள். என் பெயரில் சாதாரணமாக ஒரு தாள் அடித்தேன். "இது உண்மை. பொய்த் தாள்களை அடித்தவன் நான்தான், இதுவும் நான்தான். குஷெவ் இறந்துவிட்டார், நாற்பதாம் நாளுக்கு வாருங்கள்" என்று எழுதினேன். நேற்று நாற்பது இடத்தில் ஒட்டினேன்.

சிரிக்கிறார்கள், ரதா. கடைத்தெருவில் முதுகில் தட்டுகிறார்கள். "டேய் எவ்லோகி, இதுவரைக்கும் நீ எழுதினதுலயே இதான்டா டாப்பு!" என்கிறார்கள். "என் மகன் மேல சத்தியமா செத்துட்டாரு" என்று கத்தினேன். "ஆமாமா, எழுபதாவது நிமிஷத்துல" என்று நாலு பேர் சேர்ந்து பாடினார்கள். நான் சொல்லிக் கொடுத்த ராகம். நடுத்தெருவில் நின்று அழுதேன். நடிப்பு என்று கைதட்டினார்கள்.

வேறு வழி இருந்தால் சொல்.

எவ்லோகி


வலென்சியா
22 நவம்பர் 2009

அண்ணா,

பஸ் டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். புதனுக்குள் உனக்கு வந்துவிடும்.

வேறு வழி இல்லை. என் பெயரைப் போடு. சொந்தத் தங்கையின் பெயரைக் கெடுத்து எவனும் வேடிக்கைக்குத் தாள் ஒட்ட மாட்டான், அது அவர்களுக்கே தெரியும். கூடவே நான் கையெழுத்துப் போட்ட தாளும் வைத்திருக்கிறேன். மில் நாட்களில் என் கையெழுத்தைப் பார்த்தவர்கள் பாதி ஊர். அதை அப்படியே அச்சடிக்கச் சொல் மிட்கோவிடம்.

அம்மா கல்லறையில் குப்பை போட்டால் போடட்டும். அம்மாவும் நெசவுக்காரிதான், கூட்டித் தள்ளுவாள்.

கோச் எனக்காக ஒரு ஊரையே விட்டுக்கொடுத்தார். நான் அவருக்காக ஒரு பெயரை விட்டுக்கொடுக்கக் கூடாதா? போடு என்றால் போடு.

ரதா


கமென்பிரோத்
29 நவம்பர் 2009

ரதா,

போட்டேன். வியாழக்கிழமை விடியற்காலையில் ஒட்டினேன். பத்து மணிக்கு யாரும் சிரிக்கவில்லை. பதினோரு மணிக்கு நம் வீட்டு ஜன்னலில் ஒரு கல் வந்து விழுந்தது. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது, நம்பிவிட்டார்கள் என்று.

நேற்றுக் காலை மகள் நெவேனா கல்லறைக்குச் சின்னக் கிண்ணத்தில் கோதுமை வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள், ஆறேழு பேருக்குப் போதுமான அளவு. பாதிரியார் சாவா தூபம் போட ஆரம்பிக்கும்போது நானும் மிட்கோவும் மட்டும்தான். பிறகு கேட் பக்கம் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வந்துகொண்டே இருக்கிறார்கள், ரதா. அணியின் பழைய நீலத் துண்டு கழுத்தில் சுற்றி, கையில் ரொட்டியோடு, ரக்கியா சாராய பாட்டிலோடு. தறிக்கூடத்துப் பெண்கள் மொத்தமாக வந்தார்கள். முந்நூறு பேராவது இருக்கும். துக்கத்துக்கு வந்த முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சண்டைக்கு வந்த முகங்கள்.

ஜெபம் முடியும்வரை பொறுத்தார்கள், அதற்கு மேல் முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெல்கோ வந்தான். டயர் கடை அழுக்கு கையிலேயே இருந்தது. என் முகத்துக்கு நேரே தாளை ஆட்டினான்.

"ஒம்பதா? ஒம்பது தடவையா? உன் தங்கச்சிக்குக் கண்ணு தெரியாதா? ஏழுடா! ஏழு தடவைதான் விட்டேன்!"

"ஏழு மட்டும் கொஞ்சமாடா, பத்து நிமிஷத்துல?" என்று பின்னாலிருந்து ஒரு நெசவுக்காரி கத்தினாள்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. காற்று நமக்கு எதிராக வீசியது என்றான் ஒருவன், இல்லை பக்கவாட்டில் என்றான் இன்னொருவன். ரதா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், அவள் இருபது தறி பார்த்தவள் என்று பெண்கள் ஒரு பக்கம். பெண்பிள்ளை பேச்சைக் கேட்டு அணியை முடிவு செய்தாரா என்று இரண்டு கிழவர்கள் எகிறினார்கள், அவர்களுடைய மனைவிமார்களே அவர்களை அடக்கினார்கள். நான் என் காவல்காரர் இரண்டு பேர் கதையைச் சொன்னேன். பாதிரியார் சாவா, "கல்லறைடா இது, வாயை மூடுங்கடா!" என்று கையை உயர்த்தினார். அடுத்த மூச்சிலேயே, "எடுத்தது தப்பில்லே, உள்ளே விட்ட ஆளுதான் தப்பு" என்றார்.

எனக்கு நெவேனாவின் நினைவு வந்தது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் சிலுவைக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவளிடம் போனேன்.

"அம்மா, அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல மார்க்கர்ல எழுதினது நான்தான். அதுக்கு என்னை மன்னிக்க வேண்டாம், மன்னிக்கக் கூடாத காரியம் அது. ஆனா உங்க அப்பா வெல்கோவை எடுத்தது தப்புதான். பொய் சொல்ல எனக்கு வரலே" என்றேன். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி, போதும், வாயை மூடுங்கள் என்று சத்தம் போட்டேன். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பேச்சு நின்றுவிட்டது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "லோம்ல அப்பாவுக்கு நல்ல பக்கத்து வீட்டுக்காரங்க. எல்லாரும் மரியாதையா இருப்பாங்க. ஒருத்தருக்கும் அந்த ஆட்டம் தெரியாது. சாயங்காலமானா கோழிக்கூட்டுப் பக்கம் உட்கார்ந்துக்கிட்டு அந்த எழுபதாவது நிமிஷத்தை அவரே கேட்டு அவரே பதில் சொல்வாரு. பதினாறு வருஷம் சண்டை போட ஆள் இல்லாம செத்தாரு எங்க அப்பா. பேசுங்க. சத்தமா பேசுங்க, அவருக்குக் கேக்கட்டும்."

வெல்கோதான் முதலில் அசைந்தான். மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்தான், பாட்டிலைத் திறந்து பாதியைக் கல்லறை மேட்டில் ஊற்றினான். "கடவுள் மன்னிக்கட்டும் கோச்" என்றான். அப்புறம் அந்த மண்ணைப் பார்த்தே கேட்டான்: "நான் இன்னும் இருபது நிமிஷம் ஓடியிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லே?"

"நீ ஓடியிருக்க மாட்டே!" என்று கோச்சுக்குப் பதிலாக முப்பது பெண்கள் பதில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

உன் அண்ணன்
எவ்லோகி